பாதை தீர்மானிக்கும் பருமன்: ராக்கெட் அடுக்குகள் ஏவுதளம் சேர்வது எப்படி?

இவ்வளவு பெரிய ராக்கெட்டைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு அதை ஏவுதளத்துக்குக் கொண்டுபோவது ஏன் சிக்கலாக இருக்கிறது, சக்கரங்கள் நிறைய உள்ள ஒரு டிரெய்லர் போதாதா, அதுவும் முடியாதென்றால் தொழிற்சாலையையே ஏவுதளத்துக்குப் பக்கத்தில் கட்டிவிடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. பலரும் நினைப்பதுபோல் இது ராக்கெட்டைச் செய்து முடித்த பிறகு எழும் சிக்கல் அல்ல என்பதால் இதற்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்த வழியாகப் போகப்போகிறது என்பது தெரியாமல் பெரிய ராக்கெட் ஒன்றின் வரைபடத்தில் முதல் கோட்டைக்கூடப் போட முடியாது.

முதலில் எடையைப் பற்றிய எண்ணத்தை விலக்கிவிடுவோம். நிலவுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் முதல் அடுக்கு (எரிந்து முடிந்ததும் பிரிந்து விழும் பகுதிகளில் அடியில் இருப்பது) ஏவப்படும் நேரத்தில் சுமார் 2,300 டன் எடை கொண்டது. ஆனால் அதில் மிகப் பெரும்பகுதி மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும்தான். அவை ஏவுமேடையில்தான் நிரப்பப்படும். தொழிற்சாலையிலிருந்து புறப்படும் வெற்று அடுக்கின் எடை ஏறத்தாழ 130 டன். மின் நிலையங்களுக்கான பெரிய மின்மாற்றிகள் இதைவிடக் கூடுதலான எடையோடு சாலைகளில் ஊர்ந்து போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்த அடுக்கின் விட்டமோ 10 மீட்டர், நீளம் 42 மீட்டர். படுக்க வைத்தாலும் மூன்று மாடி வீட்டின் உயரம் வரும். நம் தேசிய நெடுஞ்சாலைகளில் பாலங்களுக்கு அடியில் இருக்கும் இடைவெளி பொதுவாக ஐந்து, ஐந்தரை மீட்டர்தான். எத்தனை சக்கரங்கள் பூட்டினாலும் அந்த அடுக்கு அங்கே நுழையாது.

பருமனைக் குறைத்து நீளத்தைக் கூட்டலாமே என்று தோன்றும். ஓரளவுக்குக் கூட்டலாம். ஆனால் விட்டத்தைப் பாதியாகக் குறைத்தால், அதே அளவு எரிபொருளைக் கொள்வதற்கு நீளம் நான்கு மடங்காக வேண்டும். பக்கச் சுவரின் பரப்பு இரண்டு மடங்காகிவிடும். மைனஸ் இருநூற்றைம்பது டிகிரிக்கும் கீழே குளிர்ந்திருக்கும் திரவ ஹைட்ரஜன் எரிபொருளுக்கு அந்தக் கூடுதல் பரப்பு முழுவதும் வெப்பம் நுழையும் வாசலாகும். அதைவிடப் பெரிய தொல்லை வளைவு. மெலிந்து நீண்ட ராக்கெட் மேல்காற்றில் மூங்கிலைப்போல் வளையும். அதைத் தடுக்க உலோகத்தைக் கூட்டினால் சுமந்து செல்லும் செயற்கைக்கோளின் எடையைக் குறைக்க வேண்டிவரும். மேலும் ஒரு கன மீட்டர் தண்ணீர் 1,000 கிலோ என்றால், ஒரு கன மீட்டர் திரவ ஹைட்ரஜன் சுமார் 71 கிலோதான். இவ்வளவு லேசான எரிபொருளுக்குப் பெரிய தொட்டி வேண்டும், பெரிய தொட்டிக்குப் பருமன் வேண்டும்.

நம் கோயில் நகரங்களில் தேர் ஓடுவதற்காகவே ரத வீதிகளை அகலமாக விட்டார்கள். திருவாரூர்த் தேர் திரும்புவதற்குத் தோதாகத்தான் அங்கே தெருமுனைகள் இருக்கின்றன. ராக்கெட்டின் நிலைமை இதற்கு நேர்மாறானது. வீதி ஏற்கெனவே போடப்பட்டுவிட்டது. அதில் அடங்குகிற தேரைத்தான் கட்ட முடியும்.

சாலையை நம்பிக் கட்டப்பட்ட தேர்களில் இன்று மிகவும் பெயர்பெற்றது ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் பால்கன் 9. அதன் விட்டம் சுமார் 3.7 மீட்டர், மொத்த உயரம் 70 மீட்டர். படத்தில் பார்ப்பவர்கள் இது ஏன் இவ்வளவு ஒல்லியாக இருக்கிறது என்று வியப்பார்கள். கலிபோர்னியாவின் ஹாதார்ன் நகரில் செய்து, டெக்சாசின் மெக்கிரெகரில் சோதித்து, புளோரிடா கடற்கரைவரை நெடுஞ்சாலையிலேயே ஓட்டிச் செல்ல வேண்டும் என்பதுதான் அந்த ஒல்லிக்கு முக்கியமான காரணம்.

சாலைப் பயணம் எப்படி இருக்கும் என்பதை அறிய நாம் அமெரிக்கா போக வேண்டியதில்லை. காவல்கிணறு, ஆரல்வாய்மொழிப் பக்கம் போய்வருபவர்கள் காற்றாலை இறக்கை ஏற்றிய வண்டிகளைப் பார்த்திருப்பார்கள். முன்னால் ஒரு ஜீப் போகும்; அதிலிருந்து ஒருவர் சிவப்புக் கொடியை ஆட்டிக்கொண்டே வருவார். வண்டி வளைவில் திரும்பும்போது இறக்கையின் நுனி எதிர்ப்பக்கத்து டீக்கடையின் கூரைக்கு மேலாக மெல்ல நகர்ந்து போகும். கடையிலிருப்பவர்கள் கிளாசைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்று பார்ப்பார்கள். பின்சக்கரங்களையும் தனியே திருப்பிவிடும் வசதி இருப்பதால் நீளத்தைச் சமாளித்துவிட முடிகிறது. அந்த வண்டிகள் போகும் பகுதியிலேயே, மகேந்திரகிரி மலையடிவாரத்தில், இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. எல்.வி.எம் 3 ராக்கெட்டுக்கான எல்110 என்ற திரவ அடுக்கும் சி25 என்ற கிரையோஜெனிக் (கடுங்குளிர் திரவ எரிபொருள்) அடுக்கும் அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு எழுநூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவைச் சாலையிலேயே கடக்கின்றன. இரண்டுக்கும் விட்டம் 4 மீட்டர். எல்110-இன் நீளம் சுமார் 21 மீட்டர், சி25-இன் நீளம் சுமார் 13.5 மீட்டர். நம் ரயில் பெட்டியின் அகலம் ஏறத்தாழ 3.25 மீட்டர் என்பதால் ரயில் பாதையை நினைத்துப் பார்ப்பதற்கே இடமில்லை. சாலையிலும் 4 மீட்டர் என்பது ஒரு தடத்தின் அகலத்தைத் தாண்டிவிடும். தாழ்ந்து தொங்கும் மின்கம்பி, சுங்கச்சாவடியின் இடைவெளி, ஊருக்குள் குறுகும் பாலம் என ஒவ்வொன்றையும் முன்கூட்டியே அளந்து பார்த்துத்தான் வண்டியைக் கிளப்ப முடியும். கடைசியில், சூளூர்ப்பேட்டையிலிருந்து புலிக்காட்டு ஏரியின் நடுவே போட்ட சாலையில், இருபுறமும் தண்ணீர் கிடக்க அந்த வண்டி தீவுக்குள் நுழைகிறது.

இப்படிப் போகும்போது உள்ளிருக்கும் பொருளின் தன்மையையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நிமிர்ந்து நின்று அச்சின் வழியே வரும் விசையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்ட ஒரு பொருள், இங்கே படுத்த நிலையில் இரண்டு தாங்கிகளின் மேல் கிடந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குலுங்குகிறது. 1950-களின் இறுதியில் பறக்கத் தொடங்கிய அமெரிக்காவின் அட்லஸ் ராக்கெட்டில் எஃகுத் தொட்டியின் சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. உள்ளே வாயு அழுத்தம் இருந்தால்தான் அது உருக்குலையாமல் நிற்கும். 1963 மே மாதம் வாண்டன்பர்க் ஏவுமேடையில் அழுத்தம் போனதால் ஓர் அட்லஸ் நின்ற இடத்திலேயே துணிபோல் மடிந்து சரிந்தது. இன்றைய தொட்டிகள் அவ்வளவு மெல்லியவை அல்ல. இருந்தாலும் ஈரக்காற்று புகாமல் வாய்களை அடைத்து, உலர்ந்த வாயுவை உள்ளே நிறுத்தி, அதிர்வைப் பதிவுசெய்யும் கருவிகளைப் பொருத்தித்தான் அடுக்குகளை அனுப்புகிறார்கள்.

ரயிலின் கதை வேறு. சோவியத் ஒன்றியத்தின் ஏவுதளமான பைக்கனூர் கடலிலிருந்து வெகுதொலைவில் கசாக் புல்வெளியில் இருக்கிறது. பெரிய கப்பல் போகும் நீர்வழி கிடையாது. எல்லாம் தண்டவாளத்தில்தான் வர வேண்டும். 1965-இல் முதலில் பறந்த புரோட்டான் ராக்கெட்டின் அடிப்பகுதியைப் பாருங்கள். நடுவில் ஒரு பெரிய உருளை, சுற்றி ஆறு சிறிய உருளைகள். பார்ப்பவர் அவற்றைத் துணை ராக்கெட்டுகள் என்றே எண்ணுவார். அவை பிரிந்து விழுவதே இல்லை. நடு உருளை, எரிபொருள் எரிவதற்கு ஆக்சிஜன் தரும் ஆக்சிகரணத்தின் தொட்டி, சுற்றியிருப்பவை எரிபொருள் தொட்டிகள். ரயிலில் வரக்கூடிய 4.1 மீட்டர் விட்டத்துக்குள் ஒரு தொட்டியைச் செய்து, மீதியைத் தனித்தனியாகக் கொண்டுவந்து ஏவுதளத்தில் பூட்டிக்கொண்டார்கள். பாதை விதித்த கட்டுப்பாட்டுக்கு இதைவிட அழகான விடையை நான் பார்த்ததில்லை.

என்1 ராக்கெட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. சாட்டர்னுக்குப் போட்டியாக நிலவுக்குச் செல்லச் செய்யப்பட்ட அதன் முதல் அடுக்கின் அடிப்புறம் சுமார் 17 மீட்டர் அகலம், அதில் 30 என்ஜின்கள். குய்பிஷெவ் நகரத் தொழிற்சாலையில் பாகங்களைச் செய்து, ரயிலில் ஏற்றி, பைக்கனூரில் அதற்கென்றே எழுப்பிய மாபெரும் கூடத்தில் பற்றவைத்துச் சேர்த்தார்கள். முழு அடுக்கையும் ஒரு சோதனை மேடையில் கட்டி நிறுத்தி எரித்துப் பார்ப்பது நடக்கவே இல்லை. செலவும் அவசரமும் அதற்கு முதன்மையான காரணங்கள் என்றாலும், சேர்த்த பிறகு எங்கும் நகர்த்த முடியாத அடுக்கை வேறோர் இடத்துச் சோதனை மேடைக்குக் கொண்டுபோகும் வழியே இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1969-க்கும் 1972-க்கும் இடையில் நான்கு முறை ஏவினார்கள். நான்கும் முதல் அடுக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே தோற்றன. 1969 ஜூலை 3 அன்று நடந்த இரண்டாவது முயற்சி ஏவுமேடையையே அழித்துவிட்டது.

திட எரிபொருள் ராக்கெட்டுகளைப் பொறுத்தவரை, எடை சிக்கலே அல்ல என்று மேலே சொன்னது பொருந்தாது. அவற்றைத் தொழிற்சாலையிலேயே நிரப்பிவிடுவதால் முழு எடையோடும் தீப்பற்றும் ஆபத்தோடும்தான் கொண்டுபோக வேண்டும். அமெரிக்க விண்வெளி ஓடத்தின் பக்க ராக்கெட்டுகள் யூட்டா மாநிலத்தில் செய்யப்பட்டு, நாட்டின் குறுக்கே ரயிலில் புளோரிடாவுக்கு வந்தன. ஒரு பக்க ராக்கெட் முழுதாக வர இயலாது என்பதால் நான்கு துண்டங்களாக, ஒவ்வொன்றும் நூறு டன்னுக்கு மேற்பட்ட எடையோடு வந்தது. துண்டுபோட்டால் இணைப்பு வேண்டும், இணைப்பு இருந்தால் அதை அடைக்க ரப்பர் வளையம் வேண்டும். 1986 ஜனவரி 28 அன்று கடுங்குளிரில் அப்படி ஒரு வளையம் இறுகிப்போய்ச் சரியாக அடைக்காததால் சேலஞ்சர் ஓடம் புறப்பட்ட 73 வினாடிகளில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். குற்றம் இணைப்பின் வடிவமைப்பிலும், எச்சரிக்கையை மீறி ஏவ எடுத்த முடிவிலும் இருக்கிறது. அதை ரயில்மீது போடுவது நேர்மையாகாது. ஆனால் அந்த இணைப்பு அங்கே ஏன் வந்தது என்று கேட்டுக்கொண்டே போனால், தண்டவாளத்தில்தான் போய் நிற்போம். 2007 மே மாதம் இதேபோன்ற துண்டங்களை ஏற்றிவந்த ரயில் அலபாமாவில் ஒரு பாலம் சரிந்ததால் தடம்புரண்டது. ஆறு பேர் காயமடைந்தார்கள், எரிபொருள் பற்றிக்கொள்ளாதது பெரும் பேறு.

பண்டைய ரோமானியக் குதிரைவண்டியின் அகலம்தான் இன்றைய ராக்கெட்டின் அளவைத் தீர்மானித்தது என்று ஒரு கதை அடிக்கடி பகிரப்படுகிறது. அது சரியல்ல. தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 1.4 மீட்டருக்குச் சற்று அதிகம். துண்டத்தின் விட்டம் 3.7 மீட்டர். கட்டுப்படுத்துவது குகைகளும் பாலங்களும் பக்கத்துத் தடத்தில் வரும் வண்டியும் விட்டுவைக்கும் இடைவெளிதான்.

துண்டுபோடாமல் ஒரே வார்ப்பாகச் செய்ய முடியுமா என்றும் பார்த்தார்கள். 1960-களில் ஏரோஜெட் நிறுவனம் புளோரிடாவின் தென்முனையில், எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்துக்குள் ஓர் ஆலை கட்டி, 6.6 மீட்டர் விட்டமுள்ள திட ராக்கெட்டை ஆழமான குழியில் தலைகீழாக நிறுத்தி மூன்று முறை எரித்துச் சோதித்தது. அந்த உருளையைக் கொண்டுவர வேறு வழியில்லை என்று, அதற்காகவே ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. திட்டம் கைவிடப்பட்டது, கால்வாய் இன்னும் இருக்கிறது.

உண்மையில் பெரிய ராக்கெட்டுகளின் பாதை நீர்வழிதான். 1961-ஆம் ஆண்டில் ஆகஸ்டு முதல் அக்டோபர்வரையிலான மூன்று மாதங்களுக்குள் நாசா மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்தது: ஏவுவதற்குப் புளோரிடாவின் மெரிட் தீவு, அடுக்குகளைக் கட்டுவதற்கு நியூ ஆர்லியன்ஸ் நகரின் மிஷூ தொழிற்சாலை, எரித்துச் சோதிக்க மிசிசிப்பி மாநிலத்தின் பேர்ல் ஆற்றங்கரைக் காடு. மூன்றையும் பார்ஜ் எனப்படும் மிதவைக் கப்பல் தொட முடியும் என்பது அந்தத் தேர்வில் ஒரு முக்கியமான கணக்கு. சோதனை நிலையத்துக்குள் கால்வாய் வெட்டி, நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிக் கப்பலைக் கடத்தும் பூட்டு மதகு அமைத்தார்கள். சாட்டர்னின் முதல் அடுக்கு மிதவையில் முழுதாக வந்து, மேடையில் ஏறி, ஐந்து என்ஜின்களோடும் எரிந்து, சரியென்று தெரிந்த பிறகே மீண்டும் மிதவை ஏறி ஏவுதளத்துக்குப் போனது. என்1-க்கும் சாட்டர்னுக்கும் இடையிலான வேறுபாடுகளில் இதற்கு நான் மிகுந்த முக்கியத்துவம் தருவேன். முழுதாக நகர்த்த முடிந்ததால்தான் முழுதாகச் சோதிக்க முடிந்தது. இதற்கு ஒரு விலையும் இருந்தது. சோதனையின் பேரோசைக்காக விடப்பட்ட ஒதுக்கு நிலத்துக்காக லாக்டவுன், கெய்ன்ஸ்வில் உள்ளிட்ட ஐந்து ஊர்களிலிருந்து அறுநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீட்டை விட்டுப் பெயர்ந்தார்கள். நிலவுப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது அவர்களையும் நினைக்க வேண்டும்.

நீர்வழியும் எப்போதும் கைகொடுப்பதில்லை. 1961 ஜூன் 2 அன்று டென்னசி ஆற்றில் வீலர் அணையின் பூட்டு மதகு இடிந்து விழுந்தது. சாட்டர்ன் 5-க்கு முன்னோடியான சாட்டர்ன் 1-இன் முதல் ராக்கெட்டுக்கான அடுக்கு அணைக்கு மேற்புறம் ஹன்ட்ஸ்வில் நகரில் இருந்தது. அதற்காகச் செய்த மிதவையும் மேற்புறத்திலேயே மாட்டிக்கொண்டது. அணைவரை மிதவையில் வந்து, இறங்கி, அணையைச் சுற்றிச் சாலை வழியாக இழுத்துச் செல்லப்பட்டு, கீழ்ப்புறம் வேறொரு மிதவையில் ஏறிப் போனது அந்த அடுக்கு. அவசரத்துக்குக் கிடைத்த அந்த இரண்டாவது மிதவைக்குச் சமரசம் என்று பொருள்படும் 'காம்ப்ரமைஸ்' என்ற பெயரையே வைத்தார்கள். அக்டோபர் 27 அன்று ராக்கெட் பறந்துவிட்டது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2012 ஜனவரி 26 இரவில், அட்லஸ் 5 ராக்கெட்டின் பாகங்களை ஏற்றிச்சென்ற டெல்டா மரைனர் கப்பல், பாலத்தின் வழிகாட்டி விளக்குகள் எரியாத நிலையில் தாழ்வான இடைவெளிக்குள் நுழைந்து, கென்டக்கி மாநிலத்தின் எக்னர் ஃபெரி பாலத்தில் மோதியது. பாலத்தின் ஒரு பகுதி கப்பலின் முகப்பின்மேல் விழுந்தது. யாருக்கும் காயமில்லை, சரக்கும் தப்பியது.

இன்று நாசாவின் எஸ்.எல்.எஸ் ராக்கெட்டின் நடு அடுக்கு 64.6 மீட்டர் நீளமும் 8.4 மீட்டர் விட்டமும் கொண்டது. அதைச் சுமக்கும் பெகாசஸ் மிதவை விண்வெளி ஓடக் காலத்தில் எரிபொருள் தொட்டிகளைச் சுமந்தது. புதிய அடுக்கு கொள்ளாது என்பதால் அதை நடுவில் வெட்டிச் சுமார் 79 மீட்டரிலிருந்து 94 மீட்டராக நீட்டினார்கள். அதற்குச் சொந்த என்ஜின் கிடையாது, இழுவைப் படகுகள்தான் கொண்டுபோகும். முதல் நடு அடுக்கு 2021 ஏப்ரல் இறுதியில் மிசிசிப்பியிலிருந்து புறப்பட்டு, மெக்சிகோ வளைகுடா வழியாகப் புளோரிடாவைச் சுற்றி, ஒன்றுகூட்டும் கட்டடத்தின் வாசலுக்கே வெட்டப்பட்ட கால்வாயில் போய் இறங்கியது. சீனாவும் இதே முடிவுக்குத்தான் வந்தது. ரயிலுக்காக 3.35 மீட்டர் விட்டத்திலேயே பல ஆண்டுகள் நின்ற அவர்கள், 5 மீட்டர் விட்டமுள்ள லாங் மார்ச் 5-க்காகத் தியான்ஜின் துறைமுக நகரில் தொழிற்சாலையும், ஹைனான் தீவின் வென்சாங்கில் ஏவுதளமும், இரண்டுக்கும் இடையே ஓட யுவான்வாங் 21, 22 என இரு கப்பல்களும் அமைத்துக்கொண்டார்கள்.

வானத்து வழியையும் சொல்லிவிட வேண்டும். சாட்டர்னின் மேல் அடுக்கைக் கலிபோர்னியாவிலிருந்து பனாமா கால்வாய் சுற்றிக் கப்பலில் அனுப்பினால் வாரக்கணக்கில் ஆகும் என்பதால், ஜாக் கான்ராய் என்ற விமானி பழைய போயிங் பயணிகள் விமானத்தின் உடலை வயிறு வீங்கியதுபோல் பெரிதாக்கினார். 1962 செப்டம்பரில் அது பறந்தபோது நம்பியவர்கள் சிலரே. அதன் வழிவந்த சூப்பர் கப்பி 6.6 மீட்டர் விட்டமுள்ள அடுக்கையே விழுங்கிக்கொண்டது. சோவியத்காரர்கள் எனர்ஜியா ராக்கெட்டின் தொட்டிகளை ஒரு பழைய குண்டுவீச்சு விமானத்தின் முதுகில் கட்டிப் பறக்கவிட்டார்கள். அந்தப் பணிக்கென்றே பிறந்த மிரியா விமானம் 2022-இல் உக்ரைன் போரில் எரிந்தது. ஆனால் 10 மீட்டர் அடுக்கை விமானத்தில் கொண்டுபோவது இன்றும் நடக்கிற காரியமல்ல.

கடைசியாக, தொழிற்சாலையைப் பக்கத்திலேயே கட்டுவது. ஸ்பேஸ்எக்ஸ் 9 மீட்டர் விட்டமுள்ள ஸ்டார்ஷிப்பை டெக்சாஸ் கடற்கரையில், ஏவுமேடைக்குச் சில கிலோமீட்டர் தொலைவிலேயே கட்டுவது இதனால்தான். இஸ்ரோவும் இதைப் பாதியளவு செய்திருக்கிறது. எல்.வி.எம் 3-இன் இரு பக்கங்களிலும் நிற்கும் எஸ்200 ராக்கெட்டுகளில் தலா 200 டன்னுக்கு மேல் திட எரிபொருள் இருக்கிறது. வெற்று உறைகளைக் கொண்டுவந்து ஸ்ரீஹரிகோட்டாவிலேயே நிரப்புகிறார்கள். ஆனால் எல்லாவற்றையும் அங்கேயே செய்ய முடியாது. ஏவுதளம் என்பது ஆபத்து கருதி ஊர்களிலிருந்து விலக்கி வைக்கப்பட்ட இடம். உப்புக்காற்றும் புயலும் அடிக்கும் அந்தக் கரையில் நுட்பமான பற்றவைப்பும் என்ஜின் சோதனையும் நடத்தும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களையும், அவர்களுக்குப் பொருள் வழங்கும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளையும் கொண்டுவந்து குடியமர்த்துவது எளிதல்ல. ஏற்கெனவே பல பத்தாண்டுகள் உழைத்து உருவாக்கிய மகேந்திரகிரிபோன்ற இடத்தைப் பெயர்த்து வைக்கவும் முடியாது.

இந்தியாவுக்கு இது விரைவில் நேரடிக் கேள்வியாகும். தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு 30 டன் கொண்டுசெல்லும் அடுத்த தலைமுறை ராக்கெட்டுக்கு 2024 செப்டம்பரிலும், அதை ஏவுவதற்கான மூன்றாவது ஏவுமேடைக்கு 2025 ஜனவரியிலும் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்துவிட்டது. 4 மீட்டரைத் தாண்டினால் ஒவ்வோர் அரை மீட்டருக்கும் சாலையில் தடை பெருகும். மகேந்திரகிரி கடலிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. ஸ்ரீஹரிகோட்டா கடலை ஒட்டியே கிடக்கிறது. ஒரு சிறு இறங்குதுறையும் ஒரு மிதவையும் இருந்தால், வங்காள விரிகுடா அமைதியாக இருக்கும் மாதங்களில் அடுக்குகளை முழுதாகவே அனுப்பிவிடலாம் என்பது என் கருத்து. புயல் பருவத்தைத் தவிர்த்து நாள் குறிக்க வேண்டியிருக்கும், இறங்குதுறையிலிருந்து வளாகம்வரை அகலமான தனிச்சாலை போட வேண்டியிருக்கும், அதற்கு நிலம் தருகிறவர்களுக்கு உரிய ஈடும் தர வேண்டியிருக்கும். விட்டம் இன்னும் காகிதத்தில் இருக்கும்போதே இந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.